மறைந்தவர் நினைவாகச் சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டுதல்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

குமரி மாவட்டத்தில் ஒருவர் காலமானால், அடக்கம் முடிவதற்கு முன்பே சந்திப்பில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை எழுந்துவிடும். அதன்பின் பதினாறாம் நாள் அடியந்திரம், முப்பதாம் நாள் திருப்பலி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா என்று அவரவர் வழக்கப்படி ஊரை அழைத்து உணவளிப்பதும், ஆண்டுதோறும் நாளிதழில் படத்துடன் நினைவஞ்சலி வெளியிடுவதும் நடக்கும். இந்தச் செலவில் ஒரு பகுதியையாவது சிறுநீரகம் செயலிழந்து அவதிப்படும் வேறொருவருக்குத் திருப்பிவிட வேண்டும் என்று எண்ணும் குடும்பங்களுக்கும், நண்பருக்காகவோ ஆசிரியருக்காகவோ அவ்வாறு நிதி திரட்ட முன்வரும் குழுக்களுக்கும் உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் எவ்வளவு திரட்ட முடியும் என்றே கேட்கிறார்கள். எத்தனை மாதங்களுக்குத் தொடர்ந்து கொடுக்க முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 156 முறை ஆகும் அந்தச் சிகிச்சைக்கு தீபாவளியும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. ஒரே நாளில் ஒரு லட்சம் ரூபாயை மேடையில் கொடுத்துவிட்டு அதோடு நின்றுவிடும் உதவியைவிட, மாதம் 5,000 ரூபாய் வீதம் தவறாமல் வந்துசேரும் உதவி இந்த நோய்க்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒன்றைக் கருத்தில் கொண்டே சொல்லப்படுகின்றன.

பணம் எதற்கு என்பதை முதலில் முடிவு செய்தல்

டயாலிசிஸ் கட்டணத்துக்காகவே நிதி தேவைப்படும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அதன்மூலம் சிகிச்சை பெறலாம். ஆகவே, உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணத்துக்கு வெளியே இருக்கிறது.

ஆறுகாணி, பத்துகாணிப் பகுதியில் குடியிருக்கும் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். காலை முறையில் (ஷிப்டில்) டயாலிசிஸ் என்றால் அவரும் துணைக்கு வருபவரும் இருட்டு விலகுமுன் புறப்பட்டு, மார்த்தாண்டம் வழியாக நாகர்கோவில் வந்து, அங்கிருந்து ஆசாரிபள்ளம் சேர வேண்டும். போவது எப்படியோ பேருந்தில் ஆகிவிடும், திரும்புவதுதான் பாடு. உடம்பிலிருந்து ஒரே மூச்சில் நீர் எடுக்கப்பட்ட பிறகு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருவதும், காலில் தசைப்பிடிப்பு ஏற்படுவதும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த பாதை) உள்ள கையில் ஊசி குத்திய இடத்தில் மீண்டும் ரத்தம் கசிவதும் வழக்கமாக நடப்பவை. அந்த நிலையில் ஒருவர் கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மருத்துவமனையிலிருந்து பேருந்து நிலையம் வரை ஓர் ஆட்டோ, ஊரில் இறங்கியபின் மலைச்சரிவில் வீடு வரை இன்னொன்று, இடையில் இருவருக்கும் சாப்பாடு என்று நாளொன்றுக்கு 400 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 156 முறைக்கு 62,400 ரூபாய், அதாவது மாதம் 5,200 ரூபாய் ஆகிறது. மாதம் 100 ரூபாய் தரக்கூடிய 52 பேர் சேர்ந்தால் ஒரு நோயாளியின் ஓராண்டுப் பயணம் உறுதியாகிவிடும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஒரே வழித்தடத்தில் இரண்டு நோயாளிகள் இருந்தால், இருவருக்கும் ஒரே நாளில் ஒரே முறையில் இடம் ஒதுக்க முடியுமா என்று டயாலிசிஸ் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். முடியுமானால், அந்த ஊர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் மாதக் கணக்கில் பேசி இருவரையும் ஒரே வண்டியில் அழைத்துவரச் செய்யலாம். அதே பணத்தில் ஏறக்குறைய இரு மடங்கு பயன் கிடைக்கும். சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியவர்கள் ரயில் சலுகையைப் பயன்படுத்திக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். சிறுநீரக மாற்று அறுவைக்கோ டயாலிசிஸுக்கோ செல்லும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும், மருத்துவமனை உரிய படிவத்தில் தரும் சான்றின்பேரில், இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு.

பயணத்துக்கு அடுத்தபடியாக வருபவை பரிசோதனைகளும் ஊசிகளும். ரத்தசோகைக்கான எரித்ரோபொயட்டின் ஊசி, இரும்புச்சத்து ஊசி, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, மஞ்சள்காமாலை பி தடுப்பூசி, மாதந்தோறும் செய்யும் ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுள் எவை இலவசமாகக் கிடைக்கின்றன, எவற்றை வெளியே வாங்கச் சொல்கிறார்கள் என்பது நோயாளிக்கு நோயாளி மாறும். மருந்துச் சீட்டையும் கடந்த மூன்று மாத மருந்துக்கடை ரசீதுகளையும் வாங்கிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

உணவுப் பொருள் கொடுக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. மட்டி வாழைப்பழச் சீப்பும் இரண்டு இளநீரும் கையில் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு இரண்டுமே ஆபத்தானவை. இவற்றிலுள்ள பொட்டாசியத்தைச் செயலிழந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அதன் அளவு கூடினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். கருவாடும் ஊறுகாயும் உப்பின் காரணமாகத் தாகத்தைக் கூட்டி, குடிக்கும் தண்ணீரைக் கூட்டி, அடுத்த டயாலிசிஸுக்குள் உடல் எடையை ஏற்றிவிடும். உணவுத் தொகுப்பு வழங்குவதாக இருந்தால் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் பட்டியலைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வாங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் பற்றிப் புதியவர்கள் பலரும் அறிந்திருப்பதில்லை. வயிற்றுக்குள் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் வைத்திருந்து வடித்தெடுப்பதை நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை நோயாளியே செய்துகொள்ள முடியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கடற்கரை ஊர்களிலும், கோதையாறு, பேச்சிப்பாறை மலைப்பகுதியிலும் இருப்பவர்களுக்கு, மருத்துவர் பொருத்தமென்று சொன்னால், இது பெரிய விடுதலை. ஆனால், திரவத்தை மாற்றும் இடம் தூய்மையாக இல்லாவிட்டால் வயிற்றுக்குள் தொற்று ஏற்பட்டுவிடும். வடிந்து வரும் திரவம் கலங்கலாக இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓர் அறையின் மூலையில் தரைக்கு ஓடு பதித்து, சுவருக்கு வண்ணம் பூசி, கை கழுவும் தொட்டியும் குழாயும் அமைத்து, பை தொங்கவிட ஒரு தாங்கியும் பைகளை ஈரம்படாமல் அடுக்கி வைக்க ஓர் அலமாரியும் செய்துகொடுப்பது ஒரு நினைவு நிதியால் எளிதாக முடியக்கூடிய வேலை. கொத்தனாரும் பிளம்பரும் ஊரிலேயே இருப்பதால் சிலர் பணத்துக்குப் பதிலாக உழைப்பையே நன்கொடையாகத் தரவும் வாய்ப்பு உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இம்மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் சாலையெங்கும் சாய்ந்து, மின்சாரம் பல நாட்கள் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்துக்கு முன் வீட்டு டயாலிசிஸ் நோயாளியிடம் கூடுதல் பைகள் இருப்பில் உள்ளனவா என்று பார்ப்பதும், மற்றவர்களுக்கு அவசர வண்டிக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைப்பதும் நல்லது.

டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுத்து அதில் மறைந்தவரின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற ஆசை பல குடும்பங்களுக்கு உண்டு. இயந்திரம் தனியாக ஓடாது. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட நீர் வேண்டும், அதற்கு ஆர்.ஓ. நிலையம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன், இடம், மின்சாரம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். பெயர்ப்பலகையோடு துணி போர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரத்தால் யாருக்கும் பயனில்லை. அரசு மருத்துவமனைக்குப் பொருளாகக் கொடுக்க விரும்பினால், முதலில் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதி, அவர்களுக்கு என்ன தேவை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் துணையாளர்களுக்கு நல்ல நாற்காலிகளும் மின்விசிறியும் வேண்டும் என்பதே பதிலாக வரலாம். அதுவும் நல்ல நன்கொடைதான்.

மாற்று அறுவைக்காகத் திரட்டும்போது

இது தனி வகை. தொகை பெரியது, காலக்கெடு நெருக்குவது, ஏமாற்றுக்கு அதிகம் இடம் தருவது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994 இன்படி சிறுநீரகத்தை விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். ‘டோனர் ரெடியாக இருக்கிறார், பணம் மட்டும்தான் வேண்டும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தாலும், அந்தத் திரட்டலில் உங்கள் குடும்பத்தாரின் பெயரைச் சேர்க்காதீர்கள். கொடுப்பவர் யார், உறவு என்ன, மருத்துவமனை எது, செலவு மதிப்பீட்டுச் சான்று எங்கே என்ற நான்குக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெறுவதற்கு, மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் மருத்துவமனை மூலமாகப் பதிவு செய்து வரிசையில் காத்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

மாற்று அறுவை முடிந்தவுடன் திரட்டியவர்கள் கலைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நீண்ட செலவு தொடங்குகிறது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்ற எதிர்ப்பாற்றல் தணிப்பு மருந்துகளை, பொருத்திய சிறுநீரகம் இயங்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். பணமில்லை என்று நிறுத்தினால் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுத்துவிடும். எனவே, மாற்று அறுவைக்கு உதவ விரும்புவோர் அறுவைச் செலவைக் காப்பீட்டுக்கும் அரசு நிதிகளுக்கும் விட்டுவிட்டு, முதல் இரண்டு ஆண்டு மருந்துக்கும் பரிசோதனைக்கும் பொறுப்பேற்பதே மேல். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து சிறுநீரக மாற்று அறுவைக்கு உதவி பெற வழியுண்டு. அறுவைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தை அணுகலாம்.

நோயாளிக்கு உரியது அவருக்குக் கிடைத்திருக்கிறதா?

நிதி கேட்டு ஒரு சொல் எழுதுவதற்கு முன், நீங்கள் உதவ நினைக்கும் நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து தாள்களைப் பாருங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா, இருந்தும் அட்டை எடுக்கவில்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்கு யார் அழைத்துப் போவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு நாள் உடன் அலைந்து அட்டை வாங்கிக் கொடுப்பது, பல மாதம் திரட்டும் பணத்துக்குச் சமமான உதவியாக இருக்கலாம். கேரளத்தை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள் பழக்கத்தால் திருவனந்தபுரத்துக்கே போகிறார்கள். தமிழ்நாட்டுக் காப்பீடு அங்குள்ள எந்த மருத்துவமனையில் செல்லும், எதில் செல்லாது என்பதைச் சேருவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளியைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள் நேரடியாக இறங்காமல் இருப்பது நல்லது. டயாலிசிஸ் பிரிவின் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் யார் பணமில்லாமல் முறை தவறவிடுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். வாரத்துக்கு 3 முறை வர வேண்டியவர் 2 முறையாகக் குறைத்துக்கொள்வதே பண நெருக்கடியின் முதல் அடையாளம். சாதி, சமயம், கட்சி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பேச்சுக்கும் இந்த முறை இடம் வைக்காது.

எந்தக் கணக்கில் பணம் சேர்ப்பது

குடும்பத்தாரில் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கின் கியூஆர் குறியீட்டை வாட்ஸப்பில் போட்டுவிடுவது எல்லோரும் செய்வது. அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் ஈடின்றிப் பெறும் பணம், பெறுபவரின் வருமானமாகவே வரித்துறையால் கருதப்படும். அதைவிடப் பெரிய சிக்கல், வீட்டுச் செலவும் நன்கொடையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டாலும் பின்னால் நிரூபிக்க முடியாது.

ஒரு நினைவுக்காகப் புதிய அறக்கட்டளை தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. பத்திரப் பதிவு, நிரந்தரக் கணக்கு எண், 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிவிலக்கு) என்று வழங்கப்படும் வருமான வரிப் பதிவுகள், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் என்று அது தனி வேலையாகிவிடும். மூன்றாம் ஆண்டில் பொருளாளர் வெளிநாடு போய்விட்டால் அறக்கட்டளை தாளில் மட்டும் இருக்கும். சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமென்றாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். ஏற்கெனவே பதிவுகளோடு இயங்கிவரும் ஒரு தொண்டு நிறுவனம், தேவாலயப் பங்கு அல்லது சேகரத்தின் மருத்துவ உதவி அமைப்பு, பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றில் ஒன்றோடு பேசி, மறைந்தவர் பெயரில் தனித் தலைப்பில் வரவு செலவு வைக்க ஒப்புக்கொள்ளச் செய்வதே எளிய வழி. ‘இந்தப் பணம் இந்த நோக்கத்துக்கு மட்டும்’ என்று ஒரு பக்கக் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் 1993 முதல் இயங்கிவரும் டேங்கர் ஃபவுண்டேஷன் போல, சிறுநீரக நோயாளிகளுக்காகவே நடத்தப்படும் அமைப்புகளும் உண்டு. மாவட்டத்துக்குள் பொருத்தமான அமைப்பு அகப்படாதவர்கள் அத்தகையோரை அணுகலாம்.

வரிவிலக்கு பற்றி நன்கொடையாளர்களிடம் மிகையாகச் சொல்லிவிடக் கூடாது. 80ஜி பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. 2025 ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறியிருப்பதால் ரசீது அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் பணம் நம் மாவட்டத்தில் தவிர்க்க முடியாதது. இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டு துபாயிலோ குவைத்திலோ வேலை செய்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை பெற்றுவிட்டவர், அவர் உங்கள் வகுப்புத் தோழராகவே இருந்தாலும், வெளிநாட்டவர்தான், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருப்பது இதை மாற்றாது. அவரிடமிருந்து பெற, அந்த அமைப்புக்கு அச்சட்டத்தின்கீழ் பதிவும், புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இருக்க வேண்டும். இல்லாதபோது அவரிடம் மறுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கும் முறை

துக்கம் நடந்த வாரத்தில் குடும்பத்தாரைக் கணக்குப் பேச வைக்கக் கூடாது. வருபவர்கள் மலர்வளையத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று தாமாகவே கேட்டால், பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பை அடியந்திரத்திலோ முப்பதாம் நாளிலோ வைத்துக்கொள்ளலாம். மறைந்தவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் அனைவரின் சம்மதமும் வேண்டும். பெயரும் படமும் பயன்படுத்துவதில் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தாலும் அது ஊரில் வேறு விதமாகப் பேசப்படும்.

வேண்டுகோள் சுருக்கமாகவும் எண்களோடும் இருக்கட்டும். இதை ஒரு மாதிரியாகக் கொள்ளலாம்:

‘சென்ற ஆண்டு சிறுநீரகச் செயலிழப்பால் காலமான எங்கள் தந்தையின் நினைவாக, ஆசாரிபள்ளத்தில் டயாலிசிஸ் செய்துவரும் இருவரின் ஓராண்டுப் பயணச் செலவை ஏற்க எண்ணியுள்ளோம். ஒருவருக்கு மாதம் 5,200 ரூபாய் வீதம் மொத்தம் 1,24,800 ரூபாய் தேவை. குடும்பத்தார் 40,000 ரூபாய் செலுத்திவிட்டோம். மீதமுள்ள 84,800 ரூபாய்க்கு, மாதம் 100 ரூபாய் வீதம் 12 மாதங்கள் தரக்கூடிய 71 பேரைத் தேடுகிறோம். ஒவ்வொரு மாதமும் 5 ஆம் தேதி வரவு செலவு இக்குழுவில் பதிவிடப்படும்.’

குடும்பத்தார் தாம் கொடுத்ததை முதலில் சொல்லுவதும், ஆள் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்பதும் இதில் முக்கியம். ‘உங்களால் இயன்றதைத் தாருங்கள்’ என்ற வேண்டுகோளைப் படிப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். 71 பேரில் ஒருவராகக் கேட்டால் உடனே முடிவு செய்வார். வயதானவர்களை நேரில் போய்க் கேட்பதே மரியாதை. ‘அண்ணாச்சி, அப்பாவுக்க ஓர்மைக்கு மாசம் நூறு ரூவா வச்சு ஒரு வருசம் தர முடியுமா? முடியாட்டாலும் ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட்டு, அவர் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வர வேண்டும். அங்கேயே பணத்தை எண்ணி வாங்க நிற்கக் கூடாது.

பொருள் திரட்டும் வழிகள் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. தேவாலயத் திருவிழாக்களிலும் அறுப்பின் பண்டிகையிலும் ஏலம் போடுவது போல, ஏத்தன் குலையையும் செவ்வாழைக் குலையையும் வீட்டுச் சேவலையும் நிதிக்காக ஏலம் விடலாம். விலை தாறுமாறாக ஏறுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேரளத்தில் பரவிய பிரியாணி சேலஞ்ச், முன்கூட்டியே பொட்டலங்களுக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் சமைத்து வீடுதோறும் கொடுக்கும் முறை. உழைப்பு அதிகம், சமையல் செலவைக் கழித்து நிற்பது எவ்வளவு என்பதை முந்திய நாளே கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு, 2006 முதல் மார்ச் மாத இரண்டாவது வியாழக்கிழமை கடைப்பிடிக்கப்பட்டுவரும் உலகச் சிறுநீரக தினம் பொருத்தமான நாள். அன்று ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஆகியவற்றுக்கான பரிசோதனை முகாமையும் சேர்த்து நடத்தலாம். மாறுதல் கண்டவர்களை யார் தொடர்ந்து மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள் என்பதற்கு ஆள் இல்லாவிட்டால் முகாமே வேண்டாம்.

குலுக்கல் கூப்பன் மட்டும் கூடவே கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அரசே லாட்டரி நடத்துகிறது. 2011 இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் சிறுநீரக நோயாளிகள் உள்ளிட்டோரின் சிகிச்சைக்கே போயிற்று. களியக்காவிளை தாண்டினால் கண்ணில் படுவதால், நாமும் பரிசுக் கூப்பன் அச்சடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை உண்டு. அதற்கு முன்பே, 1979 ஆம் ஆண்டின் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டமும் உண்டு.

கொடுக்கும் முறையும் கணக்கும்

இயன்றவரை பணத்தைக் கையில் கொடுக்காமல், செலவு ஆகும் இடத்திலேயே செலுத்துங்கள்: ஆட்டோ ஓட்டுநருக்கு மாத முடிவில், மருந்துக்கடைக்கு ரசீதின்பேரில், பரிசோதனைக் கூடத்துக்கு நேரடியாக. நோயாளி ஏமாற்றிவிடுவார் என்பது இதற்குக் காரணம் அன்று. கடன்பட்ட வீட்டில் ரொக்கம் வந்தால் முதலில் கந்துவட்டிக்காரர் வந்து நிற்பார். மருந்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

கணக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சென்ற மாத இருப்பு, இம்மாத வரவு, செலவு இனவாரியாக, மீதி, வங்கி அறிக்கையின் படம் ஆகியவை போதும். கொடுத்தவர்களின் பெயரை வெளியிடலாம், அவர்கள் விரும்பினால். தொகையைப் போடாதீர்கள், 100 ரூபாய் கொடுத்தவர் 10,000 ரூபாய் கொடுத்தவருக்கு அடுத்த வரியில் தம் பெயரைப் பார்த்தால் அடுத்த மாதம் பின்வாங்கிவிடுவார். பெறுபவரின் பெயரையோ ஊரையோ படத்தையோ எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது. ‘நோயாளி அ’, ‘நோயாளி ஆ’ என்று குறித்தால் போதும். பெரிய அட்டையில் எழுதிய காசோலையை ஒருவர் கையில் திணித்து நான்கு பேர் சூழ நின்று படம் எடுக்கும் வழக்கத்தை, நினைவு நிதி நடத்துபவர்களாவது விட்டுவிட வேண்டும். அவருடைய வீட்டில் திருமண வயதில் பெண்பிள்ளை இருக்கலாம். ‘கிட்னி போன வீடு’ என்ற பெயரை அந்தக் குடும்பத்துக்கு நாம் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு முடிவில் 71 பேரில் பலர் விலகியிருப்பார்கள்; அது இயல்பு. எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அதற்கேற்ப நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். இருவரைப் பாதியில் கைவிடுவதைவிட ஒருவரை முழுமையாகத் தாங்குவது மேல். வசதியுள்ள குடும்பமென்றால் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போடலாம். 6 சதவீத வட்டி என்று கொண்டால் 5 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 30,000 ரூபாய் தரும். அது ஒரு நோயாளியின் பயணச் செலவில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதியை மட்டும் ஆண்டுதோறும் திரட்டினால் போதுமென்பதால் சுமை குறையும்.

டயாலிசிஸ் செய்பவர் காலமாகலாம், மாற்று அறுவை செய்து தேறிவிடலாம், மகனோடு வேறு ஊருக்குப் போய்விடலாம். அப்போது மீதியுள்ள பணம் யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த மாதத் தொகையை மட்டும் ஈமச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை டயாலிசிஸ் பிரிவு சொல்லும் அடுத்த நோயாளிக்கு மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. திரட்டலையே நிறுத்துவதாக இருந்தால், கடைசி வரவு செலவைக் குழுவில் பதிவிட்டு, மீதியை அதே நோக்கமுள்ள அமைப்புக்கு மாற்றிய ரசீதையும் உடன் வைத்து, இனி பணம் அனுப்ப வேண்டாம் என்று தேதியோடு அறிவியுங்கள். தேநீர்க் கடையிலும் மருந்துக்கடையிலும் ஒட்டிய கியூஆர் அட்டைகளைக் கிழித்தெடுக்க அன்றே ஓர் ஆளை அனுப்பிவிட வேண்டும்; இல்லாவிட்டால் மறுநாளும் யாராவது பத்தோ இருபதோ போட்டுக்கொண்டேயிருப்பார்கள், அதற்குக் கணக்குச் சொல்ல ஆள் இருக்காது.